ஊமையடி

சங்குக்காரத் தெருவில் ஹில்டா மோத்தா கிட்டாரில் ஒலிக்கவிடாமல் அமுக்கிய முதல் அடி அடுத்த வீட்டு பிலோமினாவின் இட்லிப் பானையில் போய் விழுந்து ‘டிங்’ என்றபோது, பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்காமல் “வாரேன், வாரேன்” என்றாள். பானை கூப்பிட்டால் இட்லி வெந்துவிட்டது என்று அர்த்தம், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. அடுப்படிக்கு வந்து பார்த்த பிறகுதான் அன்றைக்கு இட்லியே ஊற்றவில்லை, பானை கழுவிக் கவிழ்த்த இடத்தில் கவிழ்ந்தபடியே கிடக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் என்ன செய்வாள், கூப்பிட்டது கூப்பிட்டுவிட்டது என்று பானையை நிமிர்த்தி மாவை எடுத்து ஊற்றினாள்.

ஹில்டா கிட்டாரைக் கையில் எடுத்ததே பொறுமை இல்லாததால்தான். அவள் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் முக்கால்வாசி பொறுமை இல்லாததால் நடந்தவை. கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த லியோன் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே மாட்டேனென்று உட்கார்ந்திருக்க, கான்வென்டில் படித்துவிட்டு வந்த திமிரில், “எனக்குச் சம்மதம், டம்ளரைக் குடுங்க, கழுவணும்” என்று அவளே பேச்சை முடித்துவைத்தாள். லியோன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் ஃபைல் பார்க்கிறவர். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் ‘போர்ட் பாய்ஸ்’ குழுவின் பேஸ் கிட்டார்காரர். கப்பல்காரர்கள் கொண்டுவந்து விட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த பழைய இங்கிலீஷ் ஆட்டப் பாட்டுகளை, கேட்டால் பாதிரியாருக்கே தோள் குலுங்கும் ஃபங்க் பாட்டுகளை, ஊரில் நடக்கிற ரிசப்ஷன்களிலும் திருவிழாக்களிலும் அச்சு அசலாக வாசிக்கிற குழு அது. முப்பது வருஷமாக அதே பாட்டு, அதே பாய்ஸ், தொப்பைகள் மட்டும் இடையில் வந்து சேர்ந்தவை.

ஒத்திகை ஹில்டா வீட்டு ஹாலில். டீயும் அவளுடையது. குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவன் திடீரென்று உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட, டிரம்ஸ் அடிக்கிறவனும் குழுவுக்குத் தலைவனுமான காஸ்பர் எங்கிருந்தோ ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே ஹில்டா உள்ளே குழம்பைக் கிண்டினாள், கிண்டினாள், ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

“இது என்ன வாசிப்பா, கொசு விரட்டுதா? தா இங்க.”

“மைனி,” என்றான் காஸ்பர், “நீங்க கோயில் பாட்டு நல்லா வாசிப்பீங்க. இது ஃபங்க்.”

“இவன் வாசிக்கது ரெண்டுமே இல்ல. தா.”

“குழு பேரு பாய்ஸ்னு இருக்கு, மைனி.”

“ஒங்க வயித்தைப் பாத்துட்டு யாரு பாய்ஸ்னு நம்பப் போறா?”

கான்வென்டில் ஒரு சிஸ்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு கைவீச்சு: கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே. கிறிஸ்மஸுக்கும் அதுதான், பெரிய வெள்ளிக்கும் அதுதான், ஸ்போர்ட்ஸ் டேக்கும் அதுதான். ஆறு கம்பியும் அதிர, ஒரு அடியும் வீணாகாமல், ஹில்டா அதை முழுசாக அடித்து முடித்தாள். வந்த ஆள் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டான்.

“பாத்தீங்களா, நீங்க வாசிச்சா சனம் முழங்கால் போடும், ஆடாது,” என்றான் காஸ்பர். பிறகு, வேறு நல்ல ஆள் கிடைக்காத கஷ்டத்தில், பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினான். ஃபங்கில் வலது கை ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கட்டு தண்ணீர் உதறுகிற மாதிரி, ஒரு தாளத்துக்குள் நாலு தடவை மேலும் கீழும், நிற்கவே கூடாது. ஆனால் அத்தனையும் ஒலிக்கக் கூடாது. ஒன்றோ இரண்டோதான் ஒலிக்கணும். மற்ற அடிகளில் இடது கை கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருந்து சத்தத்தைச் சாகடிக்கணும், ‘சக்’ என்று ஒரு மூச்சு மட்டும் வரணும். “அடிக்கது பெரிசில்ல மைனி. அடிச்சிட்டு சத்தம் வராமப் பாத்துக்கணும். ஊமையடி. அதுலதான் ஆட்டமே இருக்கு.”

“சொல்ல வந்ததைப் பாதியில முழுங்கச் சொல்லுதீங்க.”

“ஆமா.”

“எங்கிட்ட.”

காஸ்பர் லியோனைப் பார்த்தான். லியோன் கம்பியை முறுக்கிக்கொண்டு, எதையும் கேட்காதவர் மாதிரி, பதவிசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு அடியை வாயில் பிடித்துவைக்க ஹில்டாவுக்குக் கிடைத்த சொல் கொத்தமல்லி. கொத்-த-மல்-லி. ‘கொத்’ ஒலிக்கும், மற்ற மூன்றும் அமுங்கும். காலையில் லியோன் ஆபீசுக்குப் போனதும் வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டு, குழுவின் சிவப்பு கிட்டாரை மடியில் வைத்து, கொத்தமல்லி கொத்தமல்லி கொத்தமல்லி என்று அவள் ஆரம்பித்தால், தள்ளுவண்டிக் காய்க்காரர் ஒவ்வொரு நாளும் பிரேக் போட்டு நின்று “எத்தனை கட்டும்மா?” என்பார். “ஒமக்கில்ல, போம்” என்று அவளும் ஒவ்வொரு நாளும் விரட்டுவாள். முதலில் அவளுக்கு நாலும் ஒலித்தன. அவள் கைக்கும் அவள் வாயின் குணம்தான். வந்ததை வெளியே விடாமல் அதற்குத் தூக்கம் வராது. ஆனால் கான்வென்ட் பிடிவாதம் ஒன்று இருக்கிறதே, தப்பு வந்தால் முதலிலிருந்து, மறுபடியும் முதலிலிருந்து, அந்தப் பிடிவாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இடது கை விரல்கள் சரியான கனத்தில் கம்பிமேல் பட்டன. கிட்டாரிலிருந்து ‘சக்’ வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து ‘டிங்’ என்று வந்தது.

பிலோமினா இட்லியோடு வந்து நின்றாள். “யக்கா, எம் பானையில யாரோ வாசிக்காங்க.”

“நாந்தான்,” என்றாள் ஹில்டா. “சாம்பார் எங்க?”

அதற்குப் பிறகு தெருவில் யாரும் அதை எப்படி என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை, எந்த வீட்டில், எந்தப் பாத்திரத்தில் என்பதில்தான் பேச்செல்லாம். ஹில்டாவின் கை ஓட ஓட, அமுக்கிய அடி ஒவ்வொன்றும் பறந்துபோய் ஒருவர் வீட்டுத் தூக்குச்சட்டியிலும் இன்னொருவர் வீட்டுப் பால் செம்பிலும் எதிர்வீட்டு பூங்கனியின் பித்தளை அண்டாவிலும் விழுந்து ஒலித்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் அதற்குத் தூங்கின, மாவு பிசைகிற கைகள் அதன் கணக்குக்கு மாறின, மீன் அறுக்கிற அரிவாள்மனைகளும் தெரியாமலே தாளத்தில் சேர்ந்தன. நல்ல தண்ணீர் வருகிற நாளில் தெருவே குடமும் அண்டாவும் நிரப்பி வைத்துவிடுவதால் பாட்டு தொண்டை கட்டிய மாதிரி ஒலிக்கும். “பூங்கனி! அண்டாவைக் கொஞ்சம் காலி பண்ணு தாயி, சுருதி இறங்குது” என்று ஹில்டா ஸ்டூலிலிருந்தே கத்துவாள். விதியைக் கண்டுபிடித்ததும் பூங்கனிதான். அவளிடம் ஒரே அச்சில் இரண்டு சருவச்சட்டி இருந்தன. ஒன்று கல்யாணத்துக்கு மாமன் வரிசையாக வந்தது, ‘பூ. தங்கபாண்டி அன்பளிப்பு’ என்று பேர் வெட்டியது. மற்றது அவளே வாங்கியது, பேர் வெட்டாதது. பேர் வெட்டியதில்தான் அடி விழுந்தது, மற்றது வாயைத் திறக்கவில்லை. அடி பேர் பார்த்துத்தான் வருகிறது, விலாசம் இல்லாத வீட்டுக்கு எப்படி வரும் என்றாள் பூங்கனி, அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பேர் இல்லாத பாத்திரக்காரர்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் சாக்கில் கட்டிக்கொண்டு பஜாருக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொண்டு வந்தார்கள். செத்துப்போன மாமியார் பேர் இருந்த தண்ணீர்ப் போணி ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடச் சற்றுத் தாமதமாக ஒலித்தது, உயிரோடு இருக்கும்போதும் அந்த அம்மாள் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை என்றார்கள்.

தெருவில் அடி விழாத வீடு கடைசியில் ஹில்டாவின் வீடு ஒன்றுதான். அவள் கல்யாணத்தில், பாத்திரத்தில் பெண் பேரை வெட்டுவதா மாப்பிள்ளை பேரை வெட்டுவதா என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் பந்தியில் வைத்தே மல்லுக்கு நின்றபோது, “ஹோட்டலா நடத்தப் போறோம், திருட்டுப் போறதுக்கு? ஒரு பேரும் வேண்டாம்” என்று முடித்துவிட்டவள் அவள். அவள் பாத்திரங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன, ஊமையாக.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தண்ணீர்த் தொட்டி வழிந்தது.

“மோட்டரை நிப்பாட்டுங்க!” என்றாள் ஹில்டா அடுப்படியிலிருந்து. பதில் இல்லை. “தொட்டி வழியுது, காதுல விழுதா?” லியோன் ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஒரு பக்கத்தை நிதானமாகத் திருப்பினார். அவளே போய் மோட்டரை நிறுத்தினாள், வரும் வழியில் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டினாள், கோபம் தீராமல் அவருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு கிட்டாரை எடுத்தாள்.

‘கொத்’தை வேண்டுமென்றே உரக்க அடித்தாள். பேப்பர் அசையவில்லை. ‘தமல்லி’யை அமுக்கினாள்; பிலோமினா வீட்டிலும் பூங்கனி வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் மெல்லிசாக ஒலித்தது. லியோனின் வலது குதிகால் தரையில் தட்டியது. ஹில்டா நிறுத்தினாள். குதிகால் நின்றது. ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி, அவர் பிடரிக்குப் பின்னாலேயே, ஆறு கம்பியையும் சேர்த்து ஓர் அறை அறைந்தாள். மொட்டைமாடிக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தது, பிலோமினா “மாதாவே!” என்று அலறியது கேட்டது. லியோன் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஹில்டா மறுபடி விரலை இறகு மாதிரி வைத்து ஒரே ஓர் ஊமையடி அடித்தாள். தெருக்கோடி வீட்டுச் செம்பில், அவளுக்கே கேட்டதா இல்லையா என்கிற அளவில், ஓர் ஒலி எழுந்தது. குதிகால் இறங்கியது.

“யாரோ ரொம்ப நல்லா வாசிக்காங்க, ஹில்டா,” என்றார் லியோன், அவள் அடுப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சற்று உரக்க.

கிட்டார் மடியில் கிடக்க ஹில்டா அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பது, ஆட்கள் பேசும்போது வாயையே பார்ப்பது, ஒத்திகையில் டிரம் மிதிக்கிற காஸ்பரின் காலை விட்டுக் கண்ணை எடுக்காதது, அவள் என்ன சொன்னாலும் எதிர்ப்பேச்சு இல்லாமல் தலையாட்டுவது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. வயசாக வயசாக மனுஷனுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள், பூசையில் அதற்காக நன்றி வேறு சொல்லியிருந்தாள். எத்தனை காலமாகச் சுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை. ‘எங்கிட்ட சொல்லுறதுக்கு என்ன கேடு’ என்று தொண்டை வரை வந்தது. மறைத்துவைக்கிறாரென்றால் மறைத்துவைக்க அவருக்கு ஒரு காரணம் இருக்கும். ஹில்டா அதை விழுங்கினாள். அவள் வாய்க்கு அது முதல் ஊமையடி.

அடுத்த வாரம் லியோன் ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து காஸ்பர் வந்தான், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவன் மகள் ஜெனிட்டாவின் கல்யாண ரிசப்ஷன் வருகிறது, போர்ட் பாய்ஸ்தான் வாசிக்கப்போகிறது.

“அன்னைக்கு பேஸை கீபோர்டுலயே போட்டுக்கலாம்னு பாக்கேன், மைனி. அண்ணன் கெஸ்ட்டா முன் வரிசையில உக்காரட்டும்.”

“அவருக்கு என்ன?”

“டைமிங் விட்டுப்போகுது. என் காலைப் பாத்துத்தான் வாசிக்காரு, எனக்குத் தெரியும். நான் காலை மாத்தினா அண்ணன் அந்தரத்துல நிக்காரு. எல்லார் முன்னாலயும் அவரு அப்படி நிக்கதை என்னால பாக்க முடியாது.”

“முப்பது வருஷமா ஒங்க சிம்பல் தட்டை அவரு காதுக்குள்ள வச்சு அடிச்சீங்களே, அதை மட்டும் பாக்க முடிஞ்சுதா?”

காஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான். இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஹில்டாவுக்கே பட்டது, ஆனால் அது ஒலித்து முடிந்துவிட்டது. டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பேஸ் கிட்டாரும் போய்விட்டால் லியோனுக்கு மிச்சம் என்ன? ஆபீஸ் ஃபைல், அப்புறம் அவள். அவள் குரல்தான் அவரிடம் போய்ச் சேருவதே இல்லையே.

“ஒத்திகை பாருங்க,” என்றாள். “அதுல அவரு விட்டா, நானே கையைப் பிடிச்சு முன் வரிசையில உக்கார வைக்கேன். அதுவரைக்கும் அவருகிட்ட இந்தப் பேச்சை எடுத்தீங்க, இந்த வீட்டுல டீ கிடையாது.”

வீட்டு ஹாலில் ஒத்திகை பிரமாதமாக நடந்தது. ஹில்டா ‘கொத்’தைக்கூடக் குறைத்துக்கொண்டாள். கை காற்றில் ஓடும், தெரு ஒலிக்கும், லியோனின் குதிகால் இறங்கும், பேஸ் அதன்மேல் வந்து மெத்தென்று உட்காரும். காஸ்பருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தான். இடிந்தது எப்போதென்றால், மேடையைப் பார்க்கலாமென்று பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற அந்தக் கல்யாண மண்டபத்துக்கு எல்லோரும் போனபோது. ஹில்டா வாசித்தாள், லியோனின் குதிகால் காற்றிலேயே நின்றது. அவர் கண் காஸ்பரின் காலைத் தேடிப் போனது. ஒரு பாட்டிலேயே மூன்று இடத்தில் வழுக்கினார். கைப்பைக்குள் போன் அடித்தது.

“யக்கா, எங்க இருக்க?” என்றாள் பிலோமினா. “இங்க தெருவே கணகணன்னு கெடக்கு, உன் வாசல்ல ஆளைக் காணோம்!”

அடி பேர் பார்த்துப் போகிறது. பேர்கள் எல்லாம் சங்குக்காரத் தெருவில் இருந்தன.

“மைனி,” என்று ஆரம்பித்தான் காஸ்பர்.

“கம்பி இறங்கிருச்சு, அதான்,” என்றாள் ஹில்டா. அவன் மறுபடி வாயைத் திறந்தான். “டீ,” என்றாள். மூடிக்கொண்டான்.

ஹில்டா யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். ஒரு டம்ளர் சீனி கடன் கேட்பதற்குப் பதில் சீனியில்லாத காபியைக் குடித்துவிட்டு உடம்புக்கு நல்லது என்பவள். அவள் பிலோமினா வீட்டு அடுப்படியில் போய் நின்று, இட்லிப் பானையைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, “ஏட்டி பிலோ, ரிசப்ஷனுக்கு வரும்போது… ஒண்ணு கொண்டுவரணும்… அது எதுக்குன்னா…” என்று மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நின்றாள். காரணத்தைச் சொன்னால் லியோன் மூடிவைத்திருப்பதை அவள் திறந்ததாகிவிடும்.

பிலோமினா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். “பானைதான? கொண்டுவாரேன். பூங்கனிகிட்டயும் சொல்லிட்டேன்.”

“எதுக்குன்னு கேக்கலையே நீ.”

“நீ திட்டுறது தெருக்கோடி வரைக்கும் கேக்கு, யக்கா. அத்தனையும் கேட்டுட்டு ஒரு மனுஷன் சிரிச்ச முகமா ஆபீசுக்குப் போறாருன்னா அவருக்குக் காது கேக்கலன்னு எங்களுக்குத் தெரியாதா? ரொம்ப நாளாத் தெரியும். உனக்குத் தெரியலையேன்னுதான் கவலையா இருந்துச்சு.”

ஹில்டா அரைமூடித் தேங்காயை வாங்கி, மிச்சத்தைத் துருவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ரிசப்ஷன் அன்று சங்குக்காரத் தெருப் பெண்கள் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, கையில் ஒயர்க்கூடையும் சாக்குப்பையுமாக மண்டபத்துக்குள் வரிசையாக நுழைந்தார்கள். இட்லிப் பானை, தூக்குச்சட்டி, பால் செம்பு, போணி, மாமன் வரிசைச் சருவச்சட்டி. பூங்கனியின் அண்டாவை ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற கேட்டரிங் சூப்பர்வைசர் ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தார், அண்டாவைப் பார்த்ததும் முகம் இளகிவிட்டது.

“எங்க ஊர்லயும் இதான் வழக்கம்மா. பிரியாணியை வீணாக்கக் கூடாது. வெக்கப்படாதீங்க.”

“இது பாட்டுக்காரங்க சாமான்,” என்றாள் பூங்கனி.

“சரிம்மா, சரிம்மா,” என்று கண்ணைச் சிமிட்டினார் அவர்.

பாத்திரங்கள் மேஜைகளுக்கு அடியில், வெள்ளைத் துணிக்குள் மறைந்தன. கேக் வெட்டினார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா வாழ்த்திப் பேசி ஒருவழியாக முடித்தார், காஸ்பர் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். ஹில்டாவின் கை ஓட ஆரம்பித்தது. மேஜைகளுக்கு அடியிலிருந்து, மக்ரூன் தட்டுகளுக்கும் பட்டுச்சேலை மடிப்புகளுக்கும் கீழிருந்து, மெல்லிசாக மழை இறங்குகிற மாதிரி அடிகள் எழுந்தன. லியோன் தலையை நிமிர்த்தினார். குதிகால் இறங்கியது. பேஸ் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பாட்டில் மாப்பிள்ளையின் தோழர்கள் எழுந்து ஆடினார்கள், மூன்றாவதில் பாதிரியாரின் தோள்.

நல்ல மனசு கெடுக்கிற அளவுக்குக் கெட்ட மனசு கெடுக்காது. கூட்டம் பந்திக்கு வருமுன் இந்த அம்மாக்களின் காரியத்தை முடித்துவிடலாமென்று சூப்பர்வைசர் தன் ஆட்களைப் பிரியாணிச் சட்டியோடு அனுப்பிவிட்டார். பெண்கள் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் குனிந்து குனிந்து, மேஜைத் துணியைத் தூக்கி, பாத்திரம் பாத்திரமாக நிரப்பிக்கொண்டே வந்தார்கள். போணி ‘டிங்’கிலிருந்து ‘தொப்’புக்கு வந்தது. தூக்குச்சட்டி அடங்கியது. செம்பு அடங்கியது. லியோனின் முகத்தில் ஏதோ தடுமாறியது, இருட்டில் ஸ்விட்சைத் தேடுகிற கை மாதிரி குதிகால் தேடியது. கண் காஸ்பரின் காலுக்குப் போனது. அங்கே அலங்காரக்காரன் வைத்த ஆளுயரப் பூங்கொத்து ஒன்று காலை மறைத்துக்கொண்டு நின்றது. லியோன் ஓர் அடி தவறினார். இன்னொன்று. காஸ்பர் கீபோர்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தான்.

ஹில்டா கத்தியிருப்பாள். வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தாள். ஆனால் கத்தினால் கேட்க வேண்டியவருக்குக் கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்கும். கையையோ நிறுத்தக் கூடாது. அவள் ‘கொத்’தையும் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் அமுக்கினாள், விரலைக் கம்பியில் வைத்து, அவருக்கு இத்தனை காலமாகப் போய்ச் சேராததையெல்லாம் சேர்த்து அமுக்கினாள். கிட்டாரிலிருந்து சுத்தமாக ஒன்றும் வரவில்லை. பிலோமினாவின் கால் விரலுக்குப் பக்கத்தில் இட்லிப் பானை ‘தொப், தொப், தொப்’ என்று வாயில் துணி அடைத்த ஆள் மாதிரி முட்டியது.

பிலோமினா குனிந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பானையைத் தூக்கி, மேஜைமேல், வெள்ளைத் துணிக்கு நடுவில், மட்டன் பிரியாணியைக் குன்றாகக் கவிழ்த்தாள். “ஏட்டி, கொட்டுங்க! எல்லாரும் கொட்டுங்க!” மேஜைக்கு மேஜை குன்றுகள் எழுந்தன. பூங்கனியின் அண்டாவைக் கவிழ்க்க மாப்பிள்ளையின் சித்தப்பாவே கோட்டைக் கழற்றிவிட்டு வந்து பிடித்தார், ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கல்யாண வீட்டில் பெண்கள் ஒன்றைக் கவிழ்க்கச் சொன்னால் கவிழ்ப்பதுதான் மரியாதை. விருந்தாளிகளும் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு குன்றுகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

காலியான பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒலித்தன. பானை, செம்பு, சருவச்சட்டி, அண்டா, எல்லாவற்றுக்கும் பின்னால் சற்றுத் தாமதமாக அந்த மாமியாரின் போணி. லியோன் கண்ணை மூடிக்கொண்டார். இனி யார் காலும் அவருக்குத் தேவைப்படவில்லை. காஸ்பர் சும்மா இருப்பானா, ஓரிடத்தில் வேண்டுமென்றே காலை மாற்றிப் பார்த்தான். லியோன் அந்தரத்தில் நிற்கவில்லை, நிதானமாக அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டார். காஸ்பர் சிரித்துக்கொண்டே அழுதான், வியர்வை மாதிரி துடைத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் பூங்கொத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, லியோனுக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னான்: “அண்ணே! அடுத்த மாசம் இன்னொரு ரிசப்ஷன் இருக்கு! நீங்க இல்லாம முடியாது!”

“எதுக்குல கத்துத?” என்றார் லியோன். “இங்கதான நிக்கேன்.”

மறுநாள் ஹில்டா பால் சட்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். பேர் வெட்டுகிறவர் மிஷினை எடுத்துக்கொண்டு கேட்டார்: “யாரு பேரும்மா?” பந்தியில் இரண்டு அம்மாக்கள் மல்லுக்கு நின்ற கேள்வி அது.

“ஹில்டா.”

“வீட்டுக்காரரு பேரையும் சேத்துப் போடவா?”

“அவரு கேக்கப் போற ஆளு. கூப்பிடப் போறது நான். என் பேரு போதும்.”

சாயங்காலம் அவள் அடுப்படியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். லியோன் ஹாலில் முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹில்டா விரலைக் கம்பியில் தொட்டும் தொடாமலும் வைத்து ஒரே ஒரு தடவை அடித்தாள். அடுப்பு மேடைமேல் பால் சட்டி, அதன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘டிங்’ என்றது.

பேப்பர் தாழ்ந்தது. லியோன் திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

“என்ன ஹில்டா, கூப்பிட்டியா?”

சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது, தொட்டி வழிந்தது, நன்றி சொன்ன பூசை, சுவரைத் திட்டிய காலம், டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்த ஓர் ஆளைப் பார்த்த உடனே ஏன் சம்மதம் சொன்னாள் என்பது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை, முன்னைவிட மெதுவாக, கம்பியை அமுக்கினாள்.

“சரி,” என்றார் லியோன், எழுந்து வந்து, அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.